வால் கனத்த விமானம்

பழைய போர்வையில் சுற்றிய விமானத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு தவமணி பணிமனை வாசலில் வந்து நின்றார். உள்ளே எஸ்தர் ஓர் இறக்கையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோவைக்கு வெளியே, நீர் வற்றிய குளம் ஒன்றின் கரையில், ரிமோட்டில் பறக்கும் சிறு விமானங்களுக்கென்று ஒரு கழகம் இருந்தது. அங்கே ஞாயிறுதோறும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் எஸ்தர். மற்ற நாள்களில் செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தாலும் கழகத்தில் மூத்தவர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தார்கள். தவமணி மில்லில் துணியின் குறை பார்க்கும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். விமானம் ஓட்டியதும் இல்லை, செய்ததும் இல்லை.

"மாஸ்டர், இது பறக்குங்களா?"

எஸ்தர் போர்வையை விலக்கினார். விரல் பட்டாலே அழுந்திவிடும்போல் இருந்த மெல்லிய மர விமானம். இறக்கை நடுவில் மடிந்திருந்தது. மேலே ஒட்டிய சிவப்புத் தாள் வெளிறிச் சுருங்கியிருந்தது.

"எங்க புடிச்சீங்கக்கா?"

"உக்கடத்துல, பழைய சாமான் கடையில. ஓட்டை ஃபேனுக்கு அடியில கெடந்துச்சு. இதெல்லாம் இனிப் பறக்காதுங்க, ஷோவுக்கு மாட்டி வெச்சுக்கங்கன்னான் கடைக்காரன். எனக்குக் கோவம் வந்துருச்சு. வாங்கிட்டேன்."

"கோவத்துல வாங்கினீங்களா?"

"அவன் சொன்னதுக்கு வேற எப்படி வாங்கறது?"

எஸ்தர் பிளேடை எடுத்தார். இறக்கையின் ஒரு முனையில் வைத்து மறுமுனைவரை சிவப்புத் தாளை ஒரே இழுப்பில் கிழித்தார்.

தவமணி பதறிப்போனார். "ஐயோ, என்ன பண்றீங்க! பறக்குமான்னுதான கேட்டேன்?"

"தோலப் பாத்துக் கேட்டீங்க. இப்ப உள்ள பாத்துக் கேளுங்க."

உள்ளே விலா எலும்புகள்போல் வரிசையாக நின்ற மரத்துண்டுகளில் பாதி ஒடிந்திருந்தன. என்ஜின் எண்ணெய் ஊறிய இடங்கள் கறுத்து மெத்தென்று இருந்தன. தவமணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

"எந்தப் பசை வாங்கோணும், மாஸ்டர்?" என்று கேட்டார்.

*

மழைக்காலம் முடிந்ததும் தவமணி மீண்டும் வந்தார். விமானம் முழு உருவம் பெற்றிருந்தது. வெள்ளைத் துணியில் ஒற்றை நூல் அறுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்குத் தப்பிய விரிசல் விமானத்தில் ஒன்றுகூட இல்லை. வால் பகுதியில் மயிரிழை போன்ற கீறல்கள் நிறைய இருந்தன. அத்தனையையும் பசை ஊற்றி, மேலே மரத்தகடு வைத்து, அதற்கும் மேலே துணி ஒட்டி அடைத்திருந்தார்.

எஸ்தர் அதன் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறக்கைகளின் அடியில் பக்கத்துக்கொரு விரலாக இரண்டு ஆள்காட்டி விரல்களைக் கொடுத்து விமானத்தை மெல்லத் தூக்கினார். வால் தொப்பென்று கீழே சாய்ந்தது.

"விரல் நழுவிருச்சுங்களா?"

எஸ்தர் மறுபடி தூக்கினார். வால் மறுபடி சாய்ந்தது. அவர் விமானத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்த வாரம் தவமணி விமானத்தின் மூக்குக்குள் ஈயக்கட்டிகளைத் திணித்துக்கொண்டு வந்தார். இம்முறை விமானம் எஸ்தரின் விரல்களின்மேல் அசையாமல் மட்டமாக நின்றது.

"நிக்குது பாத்தீங்களா!"

"நிக்குதுக்கா. இந்தாங்க, கையை நல்லா நீட்டி இப்படியே புடிச்சிருங்க. வந்தர்றேன்."

எஸ்தர் அடுப்பைப் பற்றவைத்தார். பால் காய்ந்தது. தேநீர் கலந்தார். வாசலில் அமர்ந்து, ஊதி ஊதிக் குடித்தார். தவமணிக்குத் தோள்பட்டை இறங்கத் தொடங்கியது.

"மாஸ்டர், கை வலிக்குது."

"அதுக்கும் வலிக்கும்."

"எதுக்கு?"

"வாலுல நீங்க பண்ணின தப்ப மூக்கு எதுக்குங்கக்கா சொமக்கோணும்?"

தவமணி விமானத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தாம் செய்ததிலேயே அழகானது என்று எண்ணியிருந்த வாலைத் தாமே அறுத்தெடுத்தார். புதிய வாலை வலுவுக்குத் தேவையான அளவு மட்டும் மரம் வைத்துச் செய்தார். தீங்கு செய்யாத கீறல்களை விமானத்தின் உடம்பில் அப்படியே விட்டார். கண்ணில் பட்ட குறையை எல்லாம் அடைத்தே பழகிய கைக்கு, அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

*

தாள் ஒட்டுவதற்கு முன் கடைசித் தடவை எஸ்தர் விமானத்தைப் புரட்டிப் பார்த்தபோது இறக்கையின் நடுவே ஓர் இடத்தில் அவருடைய விரல் நின்றது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் மூங்கில் சிம்பு வைத்து நூல் சுற்றிய பழைய ஒட்டு. கோணலாக இருந்தது.

"இதையும் மாத்திருங்கக்கா."

"மாத்த மாட்டேன்."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"இறக்கை மடிஞ்சப்போ இதுக்கு அந்தப் பக்கம் ஒடிஞ்சிருக்கு, இந்தப் பக்கம் ஒடிஞ்சிருக்கு. இது ஒடியல. எவனோ கோணக்கையன்தான் கட்டியிருக்கான். ஆனா கட்டத் தெரிஞ்சவன்."

"மாஸ்டர் நானுங்களா, நீங்களா?"

"நீங்கதான்."

"அப்பறம் எதுக்கு என்கிட்ட கொண்டாந்து கேக்கறீங்க?"

"கேக்க வரல மாஸ்டர். காட்ட வந்தேன்."

எஸ்தர் அந்த ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு விமானத்தைத் தவமணியிடமே கொடுத்தார்.

*

இதற்கிடையே ஞாயிறுதோறும் கழகத்தின் நுரைப்பஞ்சு விமானத்தைத் தவமணி பறக்கவிடப் பழகிவந்தார். விமானம் அவரை விட்டு விலகிப் போகும்போது கை சரியாகவே இருந்தது. திரும்பி அவரை நோக்கி வரும்போதுதான் தடுமாற்றம். எதிரே வரும் விமானத்துக்கு இடமும் வலமும் மாறிவிடும். தாழும் இறக்கையைத் தூக்க எண்ணி ரிமோட்டின் குச்சியை மறுபக்கம் தள்ளினால் அது இன்னும் தாழ்ந்துவிடும்.

"ஒவ்வொரு தடவையும் மனசுல திருப்பிப் போட்டுப் பாக்கறதுக்குள்ள விழுந்துருது, மாஸ்டர். எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

எஸ்தர் தொலைவில் போய் நின்றார். கைகளை இறக்கைபோல் விரித்துக்கொண்டு தவமணியை நோக்கி ஓடிவந்தார். பாதி வழியில் ஒரு கை தாழ்ந்தது, உடம்பு சரிந்தது, விழப்போனார். தவமணி பாய்ந்து அந்தக் கையின் அடியில் தம் கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"எந்தப் பக்கம்னு யாருங்கக்கா சொன்னாங்க?" என்றார் எஸ்தர்.

*

புதிதாகச் சிவப்புத் தாள் ஒட்டிய விமானம் களத்துக்கு வந்த ஞாயிறன்று எல்லோரும் கூடிவிட்டார்கள். கழகச் செயலர் நாச்சிமுத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். பம்புசெட் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் எந்த விமானத்தையும் முதல் முறை அவர்தாம் பறக்கவிடுவார். அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மேலே வைத்து அறிந்து, சரிசெய்து, இறக்கித் தந்த பிறகே உரியவர் தொடுவார். அதனால் பல விமானங்கள் பிழைத்ததுண்டு. இதுவரை யாரும் மறுத்ததில்லை.

"அம்மிணி, ரிமோட்டக் குடுங்க. ரெண்டு சுத்து சுத்திட்டுப் பத்தரமா எறக்கித் தர்றேன்."

"நானே விட்டுக்கறனுங்க."

"ஏனுங்க, என்ர கை மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"உங்க கை நல்ல கைதானுங்க. ஆனா இந்த விமானத்துல எங்க தேடினாலும் அது பட்ட எடம் இல்லீங்களே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்துவின் முகம் மாறியது.

"கத்துக்கற ஆளுக முத ஓட்டம் விட்டா வெறகுதான் மிஞ்சும். அடுப்பெரிக்கறதுக்குத்தான் ஆகும், சொல்லிப்போட்டேன்."

"எங்கூட்டுல கேஸ் அடுப்புங்க."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், நாச்சிமுத்துவைத் தவிர.

"சரி, விடுங்க. ஆனா மாஸ்டரோட ரிமோட்டுல வயர் போட்டுத்தான் விடோணும். விழுந்துதுன்னா இனி இந்தக் களத்துல நீங்க கால் வெக்கக் கூடாது." அவர் எஸ்தரின் பக்கம் திரும்பினார். "நீங்களும் கத்துக்குடுக்கறத நிறுத்திக்கோணும், மாஸ்டர். சம்மதமுங்களா?"

"வயர் எந்தப் பெட்டியில இருக்குங்க?" என்றார் எஸ்தர்.

வயரை மாட்டும்போது தவமணி தாழ்ந்த குரலில் கேட்டார்: "மாஸ்டர், உங்களையும் சேத்து இழுத்துட்டனே. நான் பண்றது சரிங்களா?"

எஸ்தர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துவிட்டுப் பார்த்தார்.

"காத்து கெழக்க இருந்து வருதுங்கக்கா."

*

இரண்டு ரிமோட்டுகளும் வயரால் இணைக்கப்பட்டிருந்தன. கற்றுக்கொடுப்பவரின் ரிமோட்டில் ஒரு மூலையில் சுருள்வில் வைத்த சுவிட்சு ஒன்று உண்டு. அதை அவர் விரலால் இழுத்துப் பிடித்திருக்கும்வரை விமானம் கற்பவரின் கைக்குக் கட்டுப்படும். விரலை எடுத்த கணமே விமானம் கற்றுக்கொடுப்பவரிடம் போய்விடும். எஸ்தர் சுவிட்சை இழுத்துப் பிடித்தார்.

என்ஜின் கரகரத்தது, நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. சிவப்பு விமானம் மண்ணில் துள்ளித் துள்ளி ஓடிற்று. ஓட்டம் முடியப்போகிறதோ என்று தோன்றிய இடத்தில் சக்கரங்களின் புழுதி நின்றுவிட்டது. விமானம் தரையை விட்டிருந்தது.

ஷோவுக்கு மாட்டச் சொன்ன பொருள் வற்றிய குளத்துக்கு மேலே ஏறிக்கொண்டே போயிற்று. தவமணி கண்ணைச் சிமிட்டவில்லை. தொலைவில் அதைத் திருப்பினார். திரும்பியது. குளத்தின் குறுக்கே நேராக அவரை நோக்கி வரத் தொடங்கியது.

கருவேல மரங்களுக்கு மேலே வந்தபோது காற்று ஒரு தட்டுத் தட்டிற்று. ஓர் இறக்கை தவமணிக்கு இடப்பக்கமாகத் தாழ்ந்தது. அவருடைய கை குச்சியை வலப்பக்கம் தள்ளியது. இறக்கை இன்னும் தாழ்ந்தது. விமானம் சரிந்து மூக்கைக் கவிழ்த்தது.

"வாங்கிக்குங்க மாஸ்டர்!" என்று கத்தினார் நாச்சிமுத்து. "விரல எடுங்க, வாங்கிக்குங்க!"

"வாங்காதீங்க!" என்றார் தவமணி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது பக்கத்தில் நின்றவருக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

தவமணியின் கை குச்சியை விழும் பக்கமாகவே நகர்த்திற்று. முள்கிளைகளின் நுனிமேல் விமானம் ஒரு கணம் தயங்கியது. பிறகு தாழ்ந்த இறக்கை எழுந்தது. மட்டமானது. மூக்கு உயர்ந்தது.

தவமணி இன்னொரு சுற்றுக்கு ஆசைப்படவில்லை. என்ஜினைக் குறைத்துக் களத்தை நோக்கி இறக்கினார். இறக்கம் கரடுமுரடாக இருந்தது. ஒரு சக்கரம் கழன்று தனியே உருண்டோடிற்று. புரொப்பெல்லர் மண்ணைக் குத்தி ஒடிந்தது. விமானம் வாலை உயர்த்தி மூக்கின்மேல் நின்று, யோசித்து, வாலைக் கீழே வைத்தது.

"இதுக்குப் பேரு எறங்கினதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இருங்க, கொண்டாந்து காட்டறேன்."

தவமணி நடந்துபோய் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினார். நாச்சிமுத்து இறக்கையை அசைத்துப் பார்த்தார். வாலை அசைத்துப் பார்த்தார். பட்டறைக்காரர், கையில் பிடித்ததைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது.

"முழுசாத்தான் இருக்குது," என்றார். "விழுந்துதுன்னு சொல்ல முடியாது."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமை வருவனுங்க."

"வாங்க, வாங்க. யாரு வேண்டாம்னா?" அவர் மனம் ஆறவில்லை. எஸ்தரிடம் திரும்பினார். "ஆனா உங்களச் சொல்லோணும் மாஸ்டர். நான் தொண்டை கிழியக் கத்தறேன், கல்லாட்டம் நிக்கறீங்க. வயரு எதுக்குப் போட்டது? விரல எடுத்திருந்தாப் போதும். நீங்க தூக்கியிருப்பீங்க, பூவாட்டம் எறக்கியிருப்பீங்க. சக்கரம்கூடப் போயிருக்காது."

என்ஜின் நின்று வெகுநேரம் ஆகியும் எஸ்தருடைய விரல் சுவிட்சைப் பிடித்தபடியே இருந்ததைத் தவமணி அப்போதுதான் பார்த்தார். விரல் வெளுத்திருந்தது.

"சொல்லுங்க மாஸ்டர். அந்த முள்ளு மேல விழுந்திருந்தா?"

எஸ்தர் மற்றொரு கையால் அந்த விரலைப் பிடித்து, சுவிட்சிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தார்.

"விழுந்திருந்தா அக்காவோட விமானம் விழுந்திருக்கும். நான் வாங்கியிருந்தா என்னோட விமானம் எறங்கியிருக்கும்."