முதல் மடக்குத் தண்ணீர்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம். அதன் பொந்தில் கொண்டைச்சாமி என்ற மரங்கொத்தி செயலி எழுதிப் பிழைத்து வந்தது. முதலாளியும் அதுவே, தொழிலாளியும் அதுவே. தட்டச்சு செய்வதும் மூக்கால்தான். டொக் டொக் என்று வேலையில் இறங்கிவிட்டால் பக்கத்துக் கிளையில் யாரும் கண்ணயர முடியாது.

கூட்டாளி ஒருத்தி உண்டு. வேலாயி என்ற உடும்பு. வாடிக்கையாளர்களின் போனை எடுப்பதும் குறைகளைக் கேட்பதும் வேலாயியின் பொறுப்பு. ஒரு குறையைப் பிடித்தால் சரிசெய்யும் வரை விடாது. உடும்பல்லவா!

அவர்கள் விற்றது ஒரே ஒரு செயலி. பெயர் 'கரைக்காவல்'. குளத்தில் ஒரு முதலை இருந்தது. அது கரைப்பக்கம் நகர்ந்தால் போதும், தண்ணீர் குடிக்க வந்தவர்களின் போன் எல்லாம் 'ஓடு! ஓடு!' என்று அலறும். மான், முயல், கீரி என்று நாற்பது குடும்பங்கள் அதை நம்பித்தான் குளத்தில் வாய் வைத்தன. முன்பெல்லாம் ஒருவர் குடிக்க, ஒருவர் காவல் நிற்பார். செயலி வந்தபின் அந்த வழக்கமே போய்விட்டது.

கொண்டைச்சாமி மட்டும் குளத்துக்கு இறங்கியதே இல்லை. பொந்தில் தேங்கும் மழைத்தண்ணீர் அதற்குப் போதும்.

ஒருநாள் செவ்வந்தி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு மரத்தடிக்கு வந்தது.

"அண்ணே, நாலு நாளா அலாரம் தாமதமா அடிக்குது. நேத்து முதலை மூஞ்சியைப் பார்த்த பிறகுதான் போன் கத்துச்சு. என்னன்னு பாருங்க!"

"அடுத்த வாரம் பார்த்துடலாம்மா!" என்றது கொண்டைச்சாமி.

ஆனால் மறுநாளே மலையிலிருந்து ஒரு யானை வந்துவிட்டது. பெயர் மத்தளராயர். யானைக் கூட்டத்துக்கே தலைவர்.

"எங்க ஆளுங்க இருநூறு பேருக்கும் உன் செயலியை வாங்கலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை டெமோ காட்டு. ஒரே ஒரு சின்ன மாற்றம். பட்டன் எல்லாம் என் கால் அளவுக்கு இருக்கணும்!"

"ஆகட்டும் ஐயா!"

மறுநாள் போன் வந்தது. "பட்டனைச் சுத்தித் தாமரைப்பூ போடு!"

"ஆகட்டும் ஐயா!"

அதற்கும் மறுநாள் இன்னொரு போன். "திறந்ததும் என் படம் வரட்டும். தும்பிக்கையைத் தூக்கின மாதிரி!"

"அருமையான யோசனை ஐயா!"

இருநூறு யானைகள்! கொண்டைச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பறவைக்கு அது புதிதில்லைதான். இருந்தாலும் இந்தத் தடவை கொஞ்சம் அதிகம்.

"யானைக்கு எதுக்குப்பா முதலைப் பயம்? செவ்வந்தி சொன்னதை எப்பப் பார்க்கப்போறே?" என்று வேலாயி தினமும் பிடித்து உலுக்கியது.

"அக்கா, பெரிய இடம் வர்ற நேரத்துல சில்லறை வேலையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க!"

வெள்ளிக்கிழமை வந்தது. அங்கேதான் சிக்கல். அலாரத்தை இயக்குவதும், டெமோ காட்டுவதும் பொந்தில் இருந்த ஒரே ஒரு பழைய லேப்டாப்பில்தான். யானையின் பூக்கள் ஓடினால் அலாரம் திணறியது. அலாரம் ஓடினால் பூக்கள் நின்றன. கொண்டைச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அலாரத்தை அணைத்துவிட்டது.

"டேய்! நாற்பது குடும்பத்துக்கும் சொல்லிட்டியா?" வேலாயி பதறியது.

"அரை மணி நேரம்தானே அக்கா! சொன்னா நம்ம பேர் கெட்டுடும். டெமோ முடிஞ்சதும் போட்டுடலாம்."

வேலாயிக்கு வந்ததே கோபம்! "நானே போய்ச் சொல்றேன்!" என்று புதர் புதராக ஓடியது. செவ்வந்தியின் புதர் குளத்தின் அக்கரையில் இருந்தது; அங்கே கடைசியாகத்தான் போக முடியும்.

டெமோ ஜோராக நடந்தது. பூக்கள் சுழன்றன. படத்து யானை தும்பிக்கையைத் தூக்கியது. மத்தளராயர் காதை ஆட்டி ரசித்தார்.

"எல்லாம் பிரமாதம்! ஒரே ஒரு சின்ன மாற்றம். திரையில வர்ற இந்த முதலைதான் பார்க்கச் சகிக்கலை. முதலையே இல்லாம பண்ணேன்!"

'ஆகட்டும் ஐயா' என்று சொல்ல வாயைத் திறந்த கொண்டைச்சாமியின் கண் குளத்தின் மேல் விழுந்தது. செவ்வந்தியின் குட்டி குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தாமதமானாலும் போன் கத்திவிடும் என்ற நம்பிக்கையில் பக்கத்தில் செவ்வந்தி புல் மேய்ந்தது. அதன் கழுத்தில் தொங்கிய போன் மூச்சுவிடவில்லை. அல்லி இலைகளுக்கு நடுவே இரண்டு கண்கள் கரையை நோக்கி நகர்ந்தன.

லேப்டாப்பைத் தொட நேரமில்லை. கொண்டைச்சாமி அம்பாகப் பாய்ந்தது. முதலை வாயைப் பிளந்த நொடியில் அதன் மூக்கில் டொக் டொக் டொக் என்று கொத்தித் தீர்த்தது! வலி தாங்காமல் முதலை தலையை உதறியது. குட்டி துள்ளி ஓடித் தப்பியது. கொண்டைச்சாமியின் வால் இறகுகள் மட்டும் முதலையின் பல்லில் சிக்கிப் போயின.

"பாதியில விட்டுட்டுப் பறந்துபோற ஆளோட எனக்கு வியாபாரம் வேண்டாம்!" என்று மத்தளராயர் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிட்டார்.

அன்று மதியமே கொண்டைச்சாமி நாற்பது குடும்பங்களையும் மரத்தடிக்கு அழைத்தது.

"உங்க போன்ல பழுது இல்லை. நான்தான் அலாரத்தை அணைச்சு வெச்சேன். யானைக்கு டெமோ காட்டுறதுக்காக. தப்பு என்னோடது." அதற்குக் குட்டியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பத்துக் குடும்பங்கள் அங்கேயே செயலியை நீக்கிவிட்டுக் கிளம்பின. செவ்வந்தி முன்னால் வந்தது.

"நான் நீக்கலை அண்ணே. ஆனா ஒண்ணு. நாளையிலேருந்து தினமும் காலையில முதல் மடக்கு நீங்கதான் குடிக்கணும். தலையைத் தூக்கக் கூடாது. உங்க போனை மட்டும் நம்பிக் குடிக்கணும். அதைப் பார்த்துட்டு அப்புறம் என் குட்டி வாய் வைக்கும்!"

வேலாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொண்டைச்சாமிக்கு வரவில்லை. நேராகப் பொந்துக்குப் போய், அலாரம் ஏன் தாமதமாகிறது என்று தேடத் தொடங்கியது. அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்ட பிழை, பொழுது சாய்வதற்குள் சரியாகிவிட்டது!

மறுநாள் காலையில் வாலில்லாத மரங்கொத்தி குளத்தில் குனிந்து ஒரு மடக்கு குடித்தது. தலையைத் தூக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குடிக்கும்போது போன் 'ஓடு! ஓடு!' என்று அலறியது. கொண்டைச்சாமி ஒரே தாவில் கிளைக்கு ஏறித் திரும்பிப் பார்த்தது. முதலை இன்னும் இருபது அடி தள்ளித்தான் வந்துகொண்டிருந்தது.

கீழே செவ்வந்தி தன் குட்டியைத் தடவிக்கொடுத்தது. "நாளைக்கு நீ குடிக்கலாம்டா!" என்றது.

நாளை வரப்போகும் பெரிய வாடிக்கையாளருக்காக, இன்று நம்மை நம்பி நிற்கும் சிறியவர்களைக் கைவிடக் கூடாது.