நின்றுபோன சொட்டு

துரைக்கண்ணுவின் தலைப்பிள்ளைக்குச் செய்யாறில் மாமியார் வீட்டில் தொட்டிலும் போட்டாயிற்று. அப்பன்காரன்தான் இன்னும் முகம் பார்க்கவில்லை. வேலூரில் அரிசி ஆலை முதலாளி ஏகாம்பரத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

லீவு கேட்டதும் முதலாளி, நின்றிருந்த காரின் அடியைக் காட்டினார்.

"ஆயில் ஒழுகுது பார். இந்தச் சொட்டு நிக்கிற வரைக்கும் ஊர்ப்பக்கம் நீ தலைவச்சுப் படுக்கக் கூடாது."

துரைக்கண்ணு குனிந்து தொட்டான். ஜில்லென்று வெறும் தண்ணீர்.

"ஏசித் தண்ணிதான் மொதலாளி."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நிறுத்துடா!"

"சரிங்க மொதலாளி."

மறுநாள் சித்திரை வெயிலில் சம்பந்தியோடு கிளம்பினார் முதலாளி. ஆற்காடு வருவதற்குள் சம்பந்தியின் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடையோரம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார்கள்.

"ஏன்டா ஏசி போடல?"

"கீழே குனிஞ்சு பாருங்க மொதலாளி. ஒரு சொட்டு இருக்குதா? நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன்."

சம்பந்தி குபீரென்று சிரித்துவிட்டார். "ஏசி ஓடினா தண்ணி சொட்டத்தானே செய்யும், சம்பந்தி!"

முதலாளி முகத்தைத் துடைத்தபடி காரில் ஏறினார். "ஏசியைப் போட்டுத் தொலை. சாயங்காலமே ஊருக்குக் கிளம்பு. ஆமா, பிள்ளை யார் சாயல்டா?"

ஏசியைத் திருகப் போன கை அப்படியே நின்றது.

"பார்த்துட்டு வந்து சொல்றேங்க."