பனிவண்டியின் மூக்கில் அரிசி மூட்டை

"மாஸ்டர், ஒண்டு கேக்கலாமோ?"

"எஞ்சினைப் பற்றியெண்டால் கேளுங்கோ அக்கா."

"பயம் எப்ப போகும்?"

ஜெசிந்தா வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "அந்தக் கடைசி போல்ட்டை இறுக்கினனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"அதை முதல்ல இறுக்குங்கோ."

மெற்றில்டா இறுக்கினாள்.

கனடாவின் வடக்கில், குளிர் வந்தால் ஏரியே உறைந்து பாதையாகிவிடும் ஒரு சிற்றூர் அது. பனிவண்டி திருத்துவதில் ஜெசிந்தாவை மிஞ்ச அங்கே ஆளில்லை. வயதில் மெற்றில்டாவைவிட இளையவள். கோயிலில் கண்டால் மெற்றில்டா அவளை "பிள்ளை" என்பாள். வண்டி திருத்தும் கொட்டகைக்குள் வந்துவிட்டால் "மாஸ்டர்". மாஸ்டருக்கு இவள் எங்கே கண்டாலும் அக்காதான்.

போன பனிக்காலத்தில் மெற்றில்டாவின் மகள் அனெற்றுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி அக்கரையில். கரையைச் சுற்றிப் போகும் வீதியைப் பனி மூடியிருந்தது. பிள்ளையைக் கம்பளியால் சுற்றிப் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு மெற்றில்டா ஏரியில் இறங்கினாள். அந்த வண்டியில் இருந்தது கனத்த எஞ்சின். இறுகிய பனியில் நன்றாக ஓடும். புதிதாக விழுந்த மெத்துப் பனியில் மூக்கைக் குத்திக்கொண்டு புதையும்.

நடு ஏரியில் புதைந்தது.

மெற்றில்டா மண்டியிட்டுக் கையால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அதைக் கரையிலிருந்து கண்டு, பனியில் புதையாதிருக்கக் காலில் அகலப் பலகைகளைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தாள் ஜெசிந்தா. பிள்ளையை வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு அக்கரைக்கு நடந்தாள்.

பிள்ளை பிழைத்தாள். கோடை வந்தபோது டாக்டர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எல்லாம் தெளிந்துவிட்டது, இனி ஓடி விளையாடட்டும் என்றார்.

மெற்றில்டா அங்கிருந்து நேரே கொட்டகைக்கு வந்தாள். "எனக்கு இந்த வேலையைப் பழக்குங்கோ. என்ர வண்டி இனி எந்தப் பனியிலயும் புதையக் கூடாது."

அன்றிலிருந்து ஜெசிந்தாவின் சிஷ்யையானாள். வரும்போதெல்லாம் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். பொதியை அவிழ்க்கும்போது தவறாமல் சொல்லுவாள்:

"அண்டைக்கு நீங்கள் வந்திராட்டி, என்ர பிள்ளை..."

"புட்டு ஆறுது அக்கா" என்பாள் ஜெசிந்தா.

கனத்த எஞ்சினை இறக்கி மூலையில் வைத்தார்கள். உடைந்த வண்டி ஒன்றிலிருந்து பாரம் குறைந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கிடைத்தது. அதைத் தாங்கும் இரும்பை வெட்டியதும், பெல்ட் கோணாமல் ஓட நேர் பார்த்து வைத்ததும், பெட்ரோலில் எண்ணெய் கலந்ததும் மெற்றில்டாதான். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனெற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, கழுத்தில் சால்வை, தலையில் குல்லா. பழைய எஞ்சினின் மேல் ஏறியிருந்து காலை ஆட்டிக்கொண்டு பாடுவாள். வெளியே பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்திவிடுவாள்.

அக்கரைக் கோயிலில் கிறிஸ்மஸுக்குப் பாலன் பிறப்பு நாடகம். அனெற் அதில் இடையர்களுக்குச் செய்தி கொண்டுபோகும் சம்மனசு, தேவதூதர். வீதியைப் பனி மறுபடி மூடிவிட்டதால் மற்றப் பிள்ளைகள் பனிவண்டிகளில் ஏரியைக் கடந்து ஒத்திகைக்குப் போய் வந்தார்கள். அனெற் போகவில்லை.

நாடகத்தன்று காலையில் அவள் கேட்டாள். "அம்மா, இண்டைக்காவது போவமோ?"

"வண்டி சரி வரட்டும்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னீங்கள். சம்மனசு வராட்டி இடையர்மாருக்கு ஆர் போய்ச் சொல்றது?"

மெற்றில்டா எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் புகை கக்கிக்கொண்டு எழும்பியது. கரையோரம் இரவு விழுந்த பனியில் வண்டியை விட்டாள். புதையவில்லை. பஞ்சின் மேல் பூனை நடப்பதுபோல் ஓடியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கைபிடியைத் திருப்பினாள்.

வண்டி திரும்பவில்லை. முன்னால் இருந்த சறுக்குப் பலகைகள் பனியைத் தொட்டும் தொடாமலும் நின்றன. நேரே போய் நாணற்புதருக்குள் செருகிக்கொண்டது.

வண்டியை இழுத்தெடுத்து வந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். வீட்டுக்குப் போய் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வந்து வண்டியின் மூக்கில் வைத்துக் கட்டினாள். திரும்ப ஓடிப் பார்த்தாள்.

ஜெசிந்தா கொட்டகை வாசலில் நின்றாள். "இதென்ன அக்கா? அக்கரையில ஆருக்கும் கலியாணமோ?"

"மூக்கு லேசாப் போச்சு மாஸ்டர். அதுதான் பாரம் வைச்சனான்."

"இப்ப திரும்புதோ?"

"திரும்புது."

"புதையுதோ?"

மெற்றில்டா கீழே பார்த்தாள். "புதையுது."

"அப்ப பழைய எஞ்சினையே தூக்கி வைச்சிருக்கலாமே. அரிசியாவது மிஞ்சியிருக்கும்."

அனெற் களுக்கென்று சிரித்தாள். மெற்றில்டாவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

ஜெசிந்தா மூட்டையை அவிழ்த்துக் கொட்டகைத் தரையில் இறக்கினாள். வண்டியை ஒருக்களித்து முட்டுக் கொடுத்தாள். "இஞ்ச வந்து பாருங்கோ."

வண்டியின் வயிற்றுக்குக் கீழே, ரப்பர் பட்டி சுழலும் இடத்துக்குள், மூக்கைத் தாங்கிக்கொண்டு தடித்த ஸ்பிரிங் ஒன்று இருந்தது.

"இதை என்ன பாரத்துக்கு இறுக்கினது?"

"பழைய எஞ்சின்ர பாரத்துக்கு."

"அந்த எஞ்சின் எங்க?"

"மூலையில. அனெற் அதுக்கு மேலதான் இருக்கிறா."

"அது இறங்கினது இந்த ஸ்பிரிங்குக்குத் தெரியுமோ?"

மெற்றில்டா ஸ்பிரிங்கைத் தொட்டாள். தாங்குவதற்கு எதுவுமில்லாத மூக்கை அது இன்னும் முழுப் பலத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"கழட்டி விடவோ மாஸ்டர்?"

"கழட்டினால் மூக்கு நிலத்தில இடிக்கும். தளர்த்துங்கோ."

"எவ்வளவு?"

"நான் எப்பிடிச் சொல்றது? கொஞ்சம் தளர்த்துங்கோ. ஓடிப் பாருங்கோ. வந்து இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கோ."

ஸ்பானரைப் போட்டு மெற்றில்டா தளர்த்தினாள். ஓடினாள். வந்தாள். மறுபடி தளர்த்தினாள். மதியம் சாயும்போது வண்டி மெத்துப் பனியில் வளைந்து, நெளிந்து, நாணற்புதரைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

"ஒராளுக்குச் சரி" என்றாள் ஜெசிந்தா. "பின்னால பாரம் இருந்தால் எப்பிடித் திரும்புதெண்டும் பாக்க வேணும்."

மெற்றில்டா அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தாள்.

ஜெசிந்தா மூட்டையின் மேல் காலை வைத்தாள். "உது வேண்டாம் அக்கா. அங்க சம்மனசு நிக்கிறா."

மெற்றில்டா மூட்டையை விட்டு நிமிர்ந்தாள். எஞ்சின் படபடத்துக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள் அனெற் மெதுவாக. "மூண்டு சட்டைக்கு மேல சம்மனசின்ர செட்டை கட்ட ஏலாது."

மெற்றில்டா மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். மேல் சட்டையின் பொத்தானைக் கழற்றினாள். நிறுத்தினாள். பிறகு அடுத்ததையும் கழற்றினாள். ஒரு சட்டையை மடித்துப் பழைய எஞ்சினின் மேல் வைத்தாள்.

பிள்ளையைப் பின்னால் ஏற்றினாள். இரண்டு சின்னக் கைகள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தன. ஏரிக்கு நடுவில், அந்த இடம் வந்தபோது வண்டி கொஞ்சம் மெதுவானது. முதுகுக்குப் பின்னால் பாட்டு நிற்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

அன்று இடையர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். அனெற் வண்டியிலிருந்து குதித்து, முதுகில் கட்டிய செட்டைச் சிறகுகளோடே பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்த மேட்டைப் பார்த்து ஓடினாள். மெற்றில்டா கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிடவில்லை. கொட்டகைக்குள் வந்தாள்.

"அண்டைக்கு நீங்கள்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாடினா மாஸ்டர். கடைசி வரைக்கும் பாடினா. ஒருக்காக்கூட மூச்சு வாங்கேல்லை. கன்னமெல்லாம் குளிரில சிவந்து..." மெற்றில்டா கையுறைகளைக் கழற்றினாள். "இதுக்கு நான் என்னெண்டு நன்றி சொல்றது?"

ஜெசிந்தா தரையில் கிடந்த மூட்டையைப் பார்த்தாள்.

"அரிசி சும்மாதானே கிடக்கு அக்கா. சர்க்கரை போட்டுப் புக்கை பொங்குங்கோ. பிள்ளையள் விளையாடிப்போட்டுப் பசியோட வருவினம்."