செங்கால்குளத்தில் ஒரு முகூர்த்தம்

ஜெயசீலி டீச்சரிடம் தொழில் கற்கப் போய்ச் சேர்ந்தபோது ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, மலையிலும் கடற்கரையிலும் குளத்தங்கரையிலும் கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அந்த இடத்துக்குக் கேடு வராமல் நடத்திக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஆவுடையப்பன் குற்றாலத்தில் இருபத்தைந்து வருடம் ஓட்டல் மேனேஜராக இருந்தவர். சீசன் முடிந்ததும் பாறை இடுக்குகளில் மிஞ்சிக் கிடக்கும் தட்டுகளையும் பாட்டில்களையும் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய் இங்கே வந்தார்.

தன்னைவிடச் சின்னவரை டீச்சர் என்று கூப்பிட அவருக்குக் கூச்சமில்லை. டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அந்த மரியாதையைத் தவிர வேறு சலுகை எதுவும் தரமாட்டார்.

டீச்சர் அதிகம் பேசுகிறவரும் அல்ல. ஒருமுறை கடற்கரைக் கல்யாணம் ஒன்றுக்கு ஆயிரம் நாற்காலி வேண்டும் என்று பெண்ணின் மாமா வந்து நின்றார்.

"எத்தன பேரால தரையில உக்கார முடியாது?" என்று கேட்டார் டீச்சர்.

மாமா வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். நாற்பத்தொரு நாற்காலி போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வருடம் ஆவுடையப்பனின் ஒரே மகள் காந்திமதிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் இன்ஜினியர். தை இருபது, காலை ஏழரை முதல் ஒன்பது முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். தான் தனியாகப் பொறுப்பேற்று நடத்தும் முதல் கல்யாணம் சொந்த மகளுடையதாகவே இருக்கட்டும் என்று ஆவுடையப்பன் நினைத்தார். இடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது எப்போதோ முடிவாகிவிட்டது.

செங்கால்குளம் நூறு வீடுகூட இல்லாத ஊர். கார்த்திகை பிறந்ததும் நாரையும் கூழைக்கடாவும் அங்கே வந்து இறங்கும். குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல் வீட்டுக் கொல்லைப்புறத்துப் புளியிலும் வேம்பிலும் கூடு கட்டும். ஒரு தை மாதக் காலையில் ஆவுடையப்பன் அதைப் பார்த்திருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்க, அவர்களுக்குப் பின்னால் குளம் முழுக்க வெள்ளைச் சிறகாக இருக்கவேண்டும். அந்தப் படம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை அமைவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டது என்பதுதான் உண்மை.

திட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. சாப்பாடு வாழையிலையில், தண்ணீர் செம்பில். பந்தல் தென்னங்கீற்று. பூவெல்லாம் தோவாளையிலிருந்து. ஆட்கள் காரில் வரக்கூடாது, திருநெல்வேலியிலிருந்து பஸ். எச்சில் இலை மாட்டுக்கு. டிரோன் கேமராவை ஊர் எல்லைக்குள்ளேயே விடுவதில்லை. பஞ்சாயத்துத் தலைவரிடம் சம்மதமும் எழுதி வாங்கியாயிற்று.

இடித்தது ஒன்றுதான். மாப்பிள்ளையின் அப்பா முத்தையா, மேளம் கிடையாது என்று கேட்டதும் போனிலேயே குரலை உயர்த்தினார்.

"கெட்டிமேளம் இல்லாம தாலியா? நல்லது நடக்குற வீடு மாதிரியா இருக்கும்? பேசாம மண்டபத்துல வச்சிருவோம்."

ஆவுடையப்பன் டீச்சரிடம் ஓடினார். டீச்சர் சாக்கிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மேளம் வாசிச்சா பறவ கலைஞ்சிரும். வாசிக்கலன்னா சம்பந்தி கலைஞ்சிருவாரு. நான் என்ன செய்ய?"

"அந்த ஊர்க்காரங்களுக்குத் தாம்பூலம் வச்சாச்சா அண்ணாச்சி?"

"தலைவர் எழுதிக் கொடுத்துட்டாரே டீச்சர்."

"தாம்பூலம் வச்சாச்சான்னு கேட்டேன்."

"இன்னும் இல்ல."

"வச்சிட்டு வாங்க. வீடு வீடா."

கேட்டதற்கு இது பதிலில்லை என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. ஆனாலும் மறுநாளே மனைவி பிரேமாவைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் குங்குமமும் பத்திரிகையுமாகச் செங்கால்குளத்துக்குப் போனார்.

முதல் வீடு பேச்சியம்மாள் வீடு. வாங்க வாங்க என்று பாய் விரித்தாள். ரகசியம் சொல்வதுபோல அவ்வளவு மெல்லப் பேசினாள். அந்தத் தெருவில் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்திரிகையைப் பார்த்தாள்.

"தையிலயா?"

"ஆமா. தை இருவது."

"நல்ல நாளுதான்."

அவள் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காந்திமதி வயதுதான் இருக்கும்.

"இவளுக்கும் நிச்சயம் ஆயிட்டு" என்றாள் பேச்சியம்மாள். "ஆவணியில கல்யாணம்."

"ஏன் அவ்வளவு தள்ளி?" என்று கேட்டாள் பிரேமா. "தையில நெறைய முகூர்த்தம் இருக்கே."

"தை பொறந்து ஆனி முடிய இந்த ஊர்ல கல்யாணம் வைக்க மாட்டோம்மா. குஞ்சு இருக்கும்லா."

ஆவுடையப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கொட்டு இல்லாம வைக்கலாமே?"

"கொட்டு இல்லன்னாலும் கூட்டம் வருமே அண்ணாச்சி. தெரியாத ஆளுகளப் பாத்தா தாய்ப்பறவ மெரண்டு எந்திரிக்கும். அது எந்திரிக்கிற வேகத்துல குஞ்சு கீழ விழுந்துரும்."

அவள் கை காட்டிய இடத்தில், கொல்லை வாசலோரம், ஒரு கூடைக்குள் வைக்கோல் மேல் நாரைக்குஞ்சு ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நேற்று யாரோ வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்க மரத்தடிவரை போனார்களாம். அந்தப் பெண் சின்ன மீன் ஒன்றை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோனாள்.

"இவ மாப்பிள்ள வீட்டுல இதுக்கு ஒத்துக்கிட்டாகளா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"மொதல்ல மொறச்சாக. பொறவு சரின்னுட்டாக."

"அப்போ எங்களுக்கு மட்டும் எப்படிச் சம்மதிச்சிய?"

பேச்சியம்மாள் சங்கடத்தோடு சிரித்தாள். "நீங்க வெளியூரு. வீடு தேடி வந்து கேக்கிய. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? எங்க வழக்கம் எங்களோட. நீங்க நல்லபடியா நடத்துங்க. நாங்க கட்டாயம் வாரோம்."

எல்லா வீட்டிலும் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் வருகிறோம் என்றார்கள். ஒரு வீட்டிலாவது முகத்தைச் சுளித்திருந்தால் ஆவுடையப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் மனசில் ஒட்டியது லேசில் உரிந்துவிடுமா? ஒரு வாரம் யோசித்தார். எட்டாம் நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு எழுந்தார்.

ஹெட்போன்! சென்னையில் ஒரு வரவேற்பில் அவர் பார்த்திருக்கிறார். ஆளுக்கொன்று காதில் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். பாட்டு அவரவர் காதுக்குள். மேளக்காரர்களைத் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் உட்காரவைத்து வாசித்துப் பதிவு செய்துவிட்டால் போதும். தாலி ஏறும் நேரத்தில் எல்லோர் காதிலும் கெட்டிமேளம் கொட்டும், குளத்தில் சிறு சத்தம்கூட இருக்காது. நானூறு பேரை நூற்றிருபதாகக் குறைத்தார். செருப்பு கிடையாது, பளபளக்கும் பட்டு கிடையாது, யாரும் வாய் திறக்கக்கூடாது.

சம்பந்தி வீட்டுக்கே போய் முத்தையாவின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டார். முத்தையா கண்ணை மூடிக் கேட்டார்.

"அடேயப்பா! காதுக்குள்ளயே உக்காந்து வாசிக்கான்" என்று கத்தினார். சம்மதித்தும் விட்டார்.

ஆவுடையப்பன் அந்த ஹெட்போனை டீச்சரிடம் கொண்டுபோனார். செங்கால்குளத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு ஹெட்போன் யோசனையைச் சொன்னார். டீச்சர் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று வருடத்தில் டீச்சர் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"பேச்சியம்மா மகளுக்கும் இத நாமளே ஏற்பாடு செஞ்சி கொடுத்துருவோமா?" என்று கேட்டார் டீச்சர்.

"அவளுக்கு எதுக்கு டீச்சர்?"

"அவளும் ஆவணிவரைக்கும் காத்திருக்க வேண்டாம்லா."

"அவ இத வாங்க மாட்டா" என்றார் ஆவுடையப்பன்.

"ஏன்?"

டீச்சர் சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துவந்து தாள்களைப் புரட்டினார்.

"ஆவணி இருவத்தி நாலு நல்ல முகூர்த்தமா இருக்கே. மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்காதோ?"

"கெடைக்கும். எப்போன்னாலும் வாரேன்னு அந்தப் பையன் சொல்லுதாரு."

"சம்பந்தி?"

"ஆவணின்னா மேளம் வச்சிக்கிடலாம். அவருக்குச் சந்தோஷம்தான்."

"காந்திமதி என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுவா? நீங்க எங்க வச்சாலும், எப்போ வச்சாலும் சரிப்பான்னுதான் சொல்லுதா."

"பெறகு என்ன அண்ணாச்சி?"

மூன்று வருடமாக டீச்சரிடம் குரல் உயர்த்தாத மனிதர் அன்றைக்கு உயர்த்தினார்.

"ஆவணியில அந்தக் குளத்த நீங்க பாத்திருக்கியளா டீச்சர்? சொட்டுத் தண்ணி இருக்காது. தரையெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்கும். ஒத்தப் பறவ இருக்காது. காலிக்கூடும் எச்சமும்தான். அவ்வளவு தூரம் வாரவங்க அங்க எதப் பாக்கதுக்கு? அங்க பாக்கதுக்கு என்னதான் இருக்கும்?"

டீச்சர் ஹெட்போனை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி அவர் கையில் கொடுத்தார்.

"உங்க மக இருப்பா அண்ணாச்சி."