கட்டுத்தரைப் பேச்சு

மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன மடம் ஒன்று இருந்தது. அதில் இருந்த துறவி ஞானாம்பாள், ஊர் விவசாயி செங்கோடனைவிட வயதில் இளையவர். ஆனாலும் செங்கோடனுக்கு அவர்தான் குரு. மஞ்சள் காட்டில் வேலை ஒழிந்த நாளெல்லாம் போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவார்.

ஐப்பசியில் மனைவி நல்லம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு செங்கோடன் மடத்துப் பக்கம் போகவில்லை. தை பிறந்துதான் போனார்.

“பிள்ளைகளுக்காக வந்தேனுங்க சாமி. எப்படித் தேத்தறதுன்னு தெரியல.”

“என்ன செஞ்சு பார்த்தீங்க?”

“அவ சேலையெல்லாம் எடுத்து ஊருக்குக் குடுத்துட்டேன். கட்டிலைக் கழட்டி மச்சுல போட்டேன். அவ பேரையே வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். எதைப் பார்த்தாலும் அழுகை வருமில்லீங்களா?”

“அழுகை நின்னுச்சா?”

“என் முன்னால யாரும் அழறதில்லீங்க. ஆனா காலைல எந்திரிச்சா புள்ளைக்குக் கண்ணு வீங்கிக் கெடக்குது. பையன் என்கூட உக்காந்து சாப்பிடறதே இல்ல. அவங்க துக்கம் தீர ஒரு வழி சொல்லுங்க.”



“நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல சாப்பிடறேன்,” என்றார் ஞானாம்பாள்.

மறுநாள் மகள் தெய்வானை பரிமாறினாள். மகன் மாரப்பனும் விருந்தாளிக்காக இலை முன் உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் ஞானாம்பாள் கேட்டார்.

“கொஞ்சம் மோர் இருக்குமா?”

“இல்லீங்க சாமி,” என்றார் செங்கோடன். “மாடு அவளுக்கு மட்டும்தான் பால் விடும். நான் கிட்டப் போனாலே உதைக்குது. அடுத்த சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிறலாம்னு இருக்கறேன்.”

தெய்வானை அண்ணனைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஏது இது?”

“நம்ம மாடுதாங்கப்பா,” என்றான் மாரப்பன், இலையைப் பார்த்துக்கொண்டே. “சாயங்காலம் நீங்க காட்டுக்குப் போன பொறவு தெய்வானை கறக்கறா. மாட்டை விக்காதீங்க.”

“அவளை உதைக்கலையா?”

தெய்வானை குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஞானாம்பாள் மோரைக் குடித்துவிட்டுக் கை கழுவினார்.

“இன்னிக்குக் காட்டுக்குப் போகாதீங்க,” என்று செங்கோடனிடம் சொன்னார். “கறக்கறப்ப போய்ப் பாருங்க.”

வெயில் தாழ்ந்ததும் செங்கோடன் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போனார். போனவர் வைக்கோல் போருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நல்லம்மாள் குத்தவைத்து உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள்.

நல்லம்மாள் இல்லை. அவளுடைய பச்சைக் கட்டம் போட்ட சேலையைப் பாவாடைக்கு மேல் சுற்றி, நீளத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தெய்வானை உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு சேலையை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறாள். மாடு முந்தானையை முகர்ந்துவிட்டு அசையாமல் நின்றது. மாரப்பன் கன்றைப் பிடித்திருந்தான்.

“அம்மா, இன்னிக்குச் சாமி வந்தாங்க,” என்றாள் தெய்வானை. “கொழம்புல உப்புத் தூக்கலாப் போச்சு. ஒண்ணுஞ் சொல்லாம சாப்பிட்டாங்க.”

“பொரியலும் அடிப்பிடிச்சிருச்சும்மா,” என்றான் மாரப்பன்.

தெய்வானை சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் இறங்கியது. தோளால் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா காட்டுல போய்த் தனியா அழறாரும்மா. வரப்புல நின்னு அண்ணன் பார்த்திருக்குது. நாங்க அழுதா இன்னும் வருத்தப்படுவாருன்னு அவர் முன்னால அழறதில்ல.”

செங்கோடன் காலடியில் வைக்கோல் சரசரத்தது. திரும்பிப் பார்த்த தெய்வானை பதறி எழுந்தாள். கை சேலைக் கொசுவத்துக்குப் போனது.

“அவுத்துடறேங்கப்பா.”

“இருக்கட்டும் கண்ணு.”

செங்கோடன் கிட்டே வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது கோயில் தேர் நோம்பிக்கு எடுத்தது. ஊர்ல இருக்கற கடையெல்லாம் ஏறி எறங்குனா. கடைசில மொதக் கடைக்கே போய், மொதல்ல பார்த்த சேலையவே எடுத்தா. நான் கோவிச்சுக்கிட்டு வழியெல்லாம் பேசவே இல்ல.”

“அம்மா என்ன செஞ்சாங்க?” என்று கேட்டான் மாரப்பன்.

“அவளும் பேசல. வீட்டுக்கு வந்ததும் இதைக் கட்டிக்கிட்டு, என் முன்னால வந்து சும்மா நின்னா.”

கல்தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்து ஒட்டி உட்கார்ந்தார்கள். பால் பாதி கறந்தபடி இருந்தது. வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதுவரை திண்ணையில் இருந்த ஞானாம்பாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பினார். செங்கோடன் வண்டிப்பாதை வரைக்கும் கூடவே நடந்தார்.

“சாமி, அவங்க துக்கம் தீர வழி கேட்டேன். இப்ப மூணு பேருமே அழுதுட்டோம்.”

“ஆமா.”

“நாளைக்கும் அழுகை வந்தா என்னங்க செய்யறது?”

“நாளைக்கும் மூணு பேராவே அழுங்க,” என்றார் ஞானாம்பாள்.