சிங்காரம் அண்ணாச்சியும் பெட்டிக்குள் இருந்த பயில்வானும்

ஆவரங்குளம் கீழத்தெருவில் எங்கள் நாலு பேரை அறிவாளிகள் என்று யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை.

பொங்கலுக்குப் பொங்கல் மேலத்தெருவோடு வடம் இழுக்கும் போட்டி நடக்கும். எங்கள் பக்கம் தொப்பையும் முறுக்கு மீசையுமாகச் சிங்காரம் அண்ணாச்சி, அவர் பின்னாலேயே சுற்றும் இசக்கி, சுடலை, அப்புறம் நான். ஒவ்வொரு வருஷமும் நடுவில் போட்ட கோட்டைத் தாண்டிப் போய் மேலத்தெரு மண்ணில் குப்புற விழுவோம். தீபாவளி விருந்தில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டார் துரைப்பாண்டி. அவர் அண்ணாச்சியின் தங்கை புருஷன், மேலத்தெரு அணிக்கும் அவர்தான் தலைவர்.

"இந்தத் தடவை தோத்தா மீசையை எடுத்துருதேன் மாப்ளே" என்றார் அண்ணாச்சி. சொன்ன பிறகுதான் மீசையைத் தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளைகளை அவர் அவ்வளவு பாசமாகத் தடவி நாங்கள் பார்த்ததில்லை.

பதறிப்போய் டவுனில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ரெஜினா டீச்சரிடம் போனோம். கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். பெட்டி ஒன்றைத் தந்தார். மாட்டினால் உள்ளே ஒரு கடற்கரை, ஒரு நிலைக்கண்ணாடி. அண்ணாச்சி கையைத் தூக்கினால் அந்தக் கண்ணாடியில் ஒல்லியும் நெட்டையுமாக ஒரு பயில்வான் கையைத் தூக்குவான்.

"அந்த ஆள் நீங்கதான்னு முழுசா நம்புங்க. களைப்பே தெரியாது" என்றார் டீச்சர்.

நம்புவது எங்களுக்குக் கைவந்த கலை.

வேலையும் செய்தது. பெட்டியை மாட்டிக்கொண்டு அண்ணாச்சி தோப்புக்கரணம் போட்டார், மூச்சே வாங்கவில்லை. கழற்றியதும் தொப்பையைப் பார்த்து, "இது யாருது?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து, தான் நெட்டை என்பதால் எல்லா வாசலிலும் குனிந்தே நுழைந்தார். அவர் எம்பிக் குதித்தாலும் நிலைப்படி தலையில் இடிக்காது. ஒல்லி என்பதால் இரண்டு வீட்டுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்தார். அவர் புகுந்தார், தொப்பை புகவில்லை. போட்டி வடத்தை இடுப்பில் கட்டி நாங்கள் வெளியே இழுத்தோம். அந்த வருஷம் நாங்கள் வடம் இழுத்துப் பழகியது அது ஒன்றுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை நடந்தது.

"தொப்பையைக் குறைக்கணும்னு டீச்சர் சொன்னாங்களே" என்றான் சுடலை.

"உள்ள இருக்கவனுக்குத் தொப்பை ஏது? அவன் எளைச்சுல்லா கெடக்கான்" என்றேன் நான். அண்ணாச்சிக்கு முட்டை இரட்டிப்பானது.

"நாமளும் ஓடணுமோ?" என்றான் இசக்கி.

"அவ்வளவு பெரிய பயில்வான் ஓடுதான். நாம வேற ஓடுனா அவன் காலுக்குள்ள இடறும்" என்றான் சுடலை. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பொங்கலன்று அண்ணாச்சி பெட்டியை மாட்டிக்கொண்டு வடத்தை இடுப்பில் சுற்றி நின்றார். பயில்வானுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் ஒதுங்கிக்கொண்டோம். நடுவர் விசில் ஊதினார். அதே நேரம் பெட்டிக்குள் இருந்து பயிற்சி சொல்லித்தரும் பெண் குரல், "பிரமாதம், முன்னால ஓடுங்க" என்றது.

அண்ணாச்சி சொன்ன சொல் தட்டாதவர். முன்னால் ஓடினார். பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்த மேலத்தெருக்காரர்கள் வடம் தளர்ந்ததும் மொத்தமாக மல்லாந்து விழுந்தார்கள். அவர்களை மிதித்துக்கொண்டு குளத்தங்கரை வரை போய், குரல் "இன்னைக்கு இது போதும்" என்றதும் நின்றார்.

"நாமதான் ஜெயிச்சோம். அவங்க விழுந்து கெடக்காங்க, நம்ம ஆளு நிக்காரு" என்றான் இசக்கி.

"கோட்டைத் தாண்டுனவன் தோத்தவன்" என்றார் நடுவர்.

முடிதிருத்தும் பரமசிவம் நாற்காலியைப் போட்டுவிட்டார். அண்ணாச்சி அழுதேவிட்டார். அப்போது எனக்கு மூளை வேலை செய்தது. அது அபூர்வம் என்பதால் உடனே பேசினேன்.

"கோட்டைத் தாண்டி ஓடுனது யாரு?"

"பெட்டிக்குள்ள இருக்கவன்" என்றான் சுடலை.

"அப்ப மீசையை எடுக்க வேண்டியது யாருக்கு?"

துரைப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி மச்சான், அவனுக்கே எடுங்க. ஆனா ஊர் பார்க்க எடுக்கணும். இல்லன்னா உங்க மீசைதான்."

அண்ணாச்சி பெட்டியை மாட்டிப் பார்த்தார். பயில்வானின் முகம் மழமழவென்று இருந்ததாம்.

"தோத்ததும் அவனே எடுத்துட்டான் போல. ரோஷக்காரன்" என்றான் சுடலை.

"ஊர் பார்க்க எடுக்கலையே. அது செல்லாது" என்றான் இசக்கி.

மறுபடி முளைக்க வைத்து எடுப்பது என்று முடிவானது. தினமும் காலையில் பெட்டிக்குள் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் நாங்கள் மாறி மாறி விளக்கெண்ணெய் தடவிவருகிறோம். முதலில் பயில்வானின் முகம் லேசாக மங்கியது. அரும்புகிறது என்றோம். நேற்று மாட்டிப் பார்த்த அண்ணாச்சி, கண், மூக்கு, வாய் எதுவுமே தெரியவில்லை என்றார்.

மீசையோடு தாடியும் சேர்ந்து முகத்தையே மூடிவிட்டது. பரமசிவத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். வரும்போது இருப்பதிலேயே பெரிய கத்தரிக்கோலாகப் பார்த்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறது.