முன்னாடியே மூணு

"குருவே, எண்ணூறு சுத்து காணோம்!"

கத்தினது தேவசகாயம். வயசு நாப்பத்தாறு. குரு நிலோபருக்கு இருபத்துநாலு. சிப்புக்குக் கோட் எழுத அந்தப் பட்டறைல அவதான் சொல்லிக்குடுக்கறா.

மேஜைல நூல் மில்லோட கதிர், நூல் முறுக்கற ஸ்பிண்டில், ஒண்ணு சுத்துது. நிமிஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சுத்து. சுத்த எண்ணறதுக்குத் தேவசகாயம் செஞ்ச மீட்டர் பதினாலாயிரத்து இருநூறுதான்னு சாதிக்குது.

மூணு மணிக்கு மில் சூப்பர்வைசர் வராரு. தப்பாக் காட்டினா ஆர்டர் போச்சு. தேவசகாயம் வேலையும் போச்சு.

"சிப்பு என்னண்ணே பண்ணுது?"

"எண்ணினத டிஸ்பிளேக்கு இலக்கம் இலக்கமாப் பிரிக்குது. வகுக்கத் தெரியாத சிப்பு. பத்துப் பத்தாக் கழிக்க விட்டிருக்கேன். ஆயிரத்தஞ்சூறு தடவை."

"அதுக்குள்ள?"

"கதிர் சுத்திட்டுப் போயிடுது. அந்தச் சுத்தெல்லாம் எண்ணாம விட்டுப் போகுது."

நிலோபர் ஸ்க்ரூ டப்பா ரெண்ட இழுத்து வச்சா. ஒவ்வொண்ணுலயும் பதினாறு குழி. வலது டப்பால ஏழு ஸ்க்ரூ போட்டா.

"ஒரு டப்பா, ஒரு இலக்கம். பைனரில ஒவ்வொரு பிட்டு, அதான் ஒண்ணோ சைபரோ, உள்ள வரும்போதும் இருக்கறது ரெண்டு மடங்காகும். ஆக்குங்க."

ஆக்கினாரு.

"பதினாலு. ஒத்த இலக்கத்துல பதினாலு எப்படி குருவே நிக்கும்?"

"நிக்காது. ஏழுக்கே வாங்க. இப்ப மூணு சேத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"டப்பா பதினாறுல நிரம்புது, இலக்கம் பத்துலயே நிரம்பணும்; இடிக்கற ஆறுல பாதி மூணு. இலக்கம் அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா, மடங்காக்கறதுக்கு முன்னாடி மூணு. போடுங்கண்ணே, மணி ரெண்டேகால்."

போட்டாரு. பத்து.

"இப்ப ஆக்குங்க."

பதினாறு குழியும் நிரம்பிடுச்சு. நாலு ஸ்க்ரூ கையில மிச்சம்.

நிலோபர் நிரம்பின டப்பாவக் கவுத்தா. அதுக்குப் பதிலா இடது டப்பால ஒரே ஒரு ஸ்க்ரூ வச்சா. மிச்சம் நாலையும் வலதுல போட்டா.

இடதுல ஒண்ணு. வலதுல நாலு.

தேவசகாயம் பாத்தாரு. மறுபடி பாத்தாரு.

"ஐயோ, பதினாலு! தானாப் பிரிஞ்சு நிக்குது குருவே!"

"உங்க சிப்பு எண்ணி வைக்கற எண்ணு எத்தன பிட்டு?"

"பதினாறு."

"அப்ப பதினாறே தடவை."

அவரு ஏற்கனவே கீபோர்டுல இருந்தாரு.

ரெண்டு அம்பத்திரண்டுக்கு மீட்டர் பதினஞ்சாயிரம் காட்டுச்சு. அசையவே இல்ல. வாசல்ல சூப்பர்வைசர் செருப்பக் கழட்டற சத்தம்.

தேவசகாயம் நாற்காலில அப்படியே சாஞ்சாரு. சிரிப்பு நிக்கல.

"எல்லாம் சரி குருவே. இதுல வகுத்தல் எங்க போச்சு?"

"யாருண்ணே வகுக்கச் சொன்னா?"